சுவரின் அறுநூற்றுப் பதினொரு படங்கள்

அழிக்காதீர்கள், சார். அந்தப் படத்தை அழிக்காதீர்கள்.

தப்பாக நினைக்க வேண்டாம். அடுத்தவர் போனை எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை நான். ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கிறது என்று இந்தப் பக்கம் திரும்பினேன், கண்ணில் பட்டது. திருமங்கலம் தாண்டினதிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வருகிறீர்கள். இடம் இல்லை என்று போன் சொல்கிறதா? சொல்லும். அது அப்படித்தான் சொல்லும். அந்த அம்மா யார், உங்கள் அத்தையா? படம் ஆடிப்போயிருக்கிறது என்று அழிக்கப் போகிறீர்கள். ஆடினால் என்ன சார்? முகம் இருக்கிறதா இல்லையா?

நான் சாத்தூரில் இறங்குகிறவன். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. சொல்கிறேன் கேளுங்கள்.

இந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள் என்ன இருக்கிறது பாருங்கள். மெமரி கார்டு. சுண்டுவிரல் நகம் அளவு. இதை எடுத்துக்கொண்டுதான் காலையில் மதுரைக்குப் போனேன். டவுன்ஹால் ரோட்டில் ஒரு மாடியில், அழிந்துபோன படத்தைத் திரும்ப எடுத்துக் கொடுக்கிற கடை இருக்கிறது. பெனாசிர் என்று ஒரு பெண் நடத்துகிறது. நல்ல பெண்தான். நாக்குதான் நீளம்.

என் வீட்டுக்காரி சண்முகக்கனி போன சித்திரையில் தவறிப்போனாள். வருகிற சித்திரையில் வருஷம் திரும்புகிறது. மாட்டி, மாலை போட்டு, முன்னால் விளக்கு வைக்க ஒரு படம் வேண்டும். என்னிடம் இல்லை. நாற்பத்தோரு வருஷம் கூட இருந்தவளுக்கு ஒரு படம் இல்லை. செத்த அன்றைக்கு ஒட்டின போஸ்டரில் ஆதார் கார்டுப் படத்தைத்தான் பெரிசு பண்ணிப் போட்டார்கள். திருட்டுக் கேசில் பிடித்து வந்து நிறுத்தி வைத்த மாதிரி இருக்கிறாள் அதில். தெருவில் போகிறவன் எல்லாம் போஸ்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

ஏன் படம் இல்லை என்று கேட்க மாட்டீர்களா? எல்லாம் அய்யாத்துரையால்.

அய்யாத்துரை அவளுடைய கூடப்பிறந்த தம்பி. என் மச்சினன். பக்கத்து வீடு. பக்கத்து வீடு ஆனதும் என்னால்தான். நான் பஞ்சு மில்லில் பேல் கட்டிக்கொண்டிருந்தேன், முப்பத்திரண்டு வருஷம். மூன்றாம் வகுப்போடு சரி, ஆனால் ஊரில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. மனை வாங்கும்போது பாதியை அவன் பேரில் வாங்க வைத்தேன். "அக்காளும் தம்பியும் பக்கத்துல பக்கத்துல இருந்தா நல்லதுதான" என்று சொன்னேன். நான் சொன்ன சொல் சார் அது.

இருபது வருஷம் நன்றாகத்தான் இருந்தான். அத்தான், அத்தான் என்று காலையில் வந்து பேப்பர் வாசித்துக் காட்டுவான். என் மகள் பொன்மலருக்குத் தாய்மாமன் செய்யவேண்டிய முறை எல்லாம் குறையில்லாமல் செய்தான். செய்ததைச் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நான் நியாயம் பார்க்கிறவன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் எடுத்தான். ஒரு சாண் என் பக்கம் தள்ளி. ஒரு சாண் சார்! பாருங்கள், இவ்வளவு.

"என்ன மாப்ள, கோடு தாண்டுதே" என்றேன்.

"இல்லத்தான், கல்லு ஊனுன எடத்துலதான் நூல் புடிச்சிருக்கு. வேணும்னா அளந்துக்குவோம்" என்றான்.

அளந்துக்குவோமாம். என்னிடம்! கொத்தனார் முன்னால், சித்தாள் முன்னால்! 'நீங்க சொன்னாச் சரி அத்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு சாண் என்ன, ஒரு முழம் விட்டுக்கொடுத்திருப்பேன். அவன் அளக்கலாம் என்றான். அளந்தோம். சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தார். சுவர் சரியாக நிற்கிறது, உங்கள் வாசல்படிதான் நாலு விரல் அவர் மனைக்குள் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அய்யாத்துரை அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். வேறென்ன சொல்ல?

அன்றைக்கு முடிவு பண்ணினேன். அவன் முகம் என் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. பொன்மலரின் கல்யாண ஆல்பத்தை எடுத்தேன். தாய்மாமன் இல்லாத கல்யாண ஆல்பம் உண்டா? பக்கத்துக்குப் பக்கம் பட்டு வேட்டியில் நிற்கிறான். வெந்நீர் அடுப்புக்குள் திணித்துத் தீ வைத்தேன். அட்டை தடிப்பு, சீக்கிரம் பிடிக்கவில்லை. சண்முகக்கனி பக்கத்தில் நின்று பார்த்தாள். அந்த வெந்நீரில்தான் நான் குளித்தேன். அவள் அன்றைக்குப் பச்சைத் தண்ணீரில் குளித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, உடம்பு சூடாக இருக்கிறது என்றாள்.

மாப்பிள்ளை வீட்டு ஆல்பம் ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் முழுக்க அவர்கள் ஆட்கள். இவள் ஒரே ஒரு படத்தில் பந்தியில் பரிமாறுகிறாள், முதுகுதான் தெரிகிறது.

அப்புறம் போன். பொன்மலர் திருப்பூரில் இருக்கிறாள். அவளுடைய பழைய போனைத்தான் எனக்குக் கொடுத்திருந்தாள். அவள் கணக்கையே அதில் போட்டு, "அப்பா, நீங்க எடுக்கிற படமெல்லாம் தானா மேல போயி எனக்கும் வந்துரும். போன் தொலைஞ்சாலும் பயமில்ல, பேக்கப் இருக்கும்" என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் இருக்கிற படத்தை ஒவ்வொன்றாகத் தொட்டேன், குப்பைத் தொட்டி மாதிரி இருக்கிறதே, அதை அழுத்தினேன். அழிக்கவா என்று இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் ஆமாம் என்றேன். குப்பைக்குப் போனது அறுபது நாள் அதற்குள்ளேயே கிடக்கும் என்று மகள் சொன்ன ஞாபகம். விடுவேனா? அதற்குள்ளும் போய் எல்லாவற்றையும் காலி பண்ணினேன். ஒரு வேலையைச் செய்தால் முழுசாகச் செய்கிறவன் நான்.

அவன் இருக்கிற படத்தில் எல்லாம் அவளும் இருந்தாள். பொங்கல் பானைக்கு முன்னால், கோயில் கொடைக்குப் போனது, திருச்செந்தூரில் எடுத்தது, எதைத் தொட்டாலும் அக்காளும் தம்பியும். அதற்கு நான் என்ன செய்ய? அவளை யார் அங்கே போய் நிற்கச் சொன்னது?

இரண்டு நாள் கழித்துப் பொன்மலர் போனில் அழுகிறாள். "அப்பா, என் போன்ல அம்மா படம் ஒண்ணுமே இல்ல. என்ன பண்ணுனீங்க?"

நான் சாத்தூரில் விரலால் தொட்டால் திருப்பூரில் அழியும் என்று எனக்கு யாராவது சொன்னார்களா? தானாகப் போகும் என்றாள். தானாக அழியும் என்று சொல்லவில்லை. அப்போது யார் தப்பு? அவளிடமே சொன்னேன், உன் தப்புதான் என்று. "மாமாகூட நீங்க பேசுற வரைக்கும் நான் ஊருக்கு வரல" என்று வைத்துவிட்டாள். வரவும் இல்லை. அம்மா செத்த பிறகுதான் வந்தாள். அவள் வராமல் இருந்ததும் அவனால்தான்.

அப்போது எனக்குப் படத்தைப் பற்றிக் கவலை இல்லை. ஆள்தான் வீட்டில் இருக்கிறதே, படம் எதற்கு?

சண்முகக்கனியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "அந்த வீட்டு வாசலை மிதிச்சே, இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது." சரி என்றாள். இரண்டு வருஷம் சார், சாகிற வரைக்கும் ஒரு தடவை மிதிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி பேசுகிற சத்தம் கேட்கும். இவள் தலையைத் தூக்க மாட்டாள். முறத்தைப் பார்த்தபடி அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். கூடப்பிறந்தவனா, கட்டினவனா என்று வந்தபோது அவள் என் பக்கம் நின்றாள். அது போதும் எனக்கு. இந்தக் காலத்தில் எவள் நிற்பாள்?

அவள் இறந்த அன்றைக்கு அவன் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தட்டில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். நான் கதவை மறித்து நின்றேன். "அத்தான், கோடி மட்டும் போட்டுட்டுப் போயிருதேன். பேசக்கூட மாட்டேன்" என்றான். ஊரே பார்க்கிறது. முடியாது என்றேன். அவளுடைய சித்தப்பா மகன் ஒருத்தனைக் கூட்டி வந்து அந்த முறையைச் செய்யவைத்தேன். அய்யாத்துரை தட்டோடு ரோட்டில் நின்றான். தூக்குகிற வரைக்கும் நின்றான். நிற்கட்டும். அளந்துக்குவோம் என்று சொன்னவன்தானே?

சரி, கார்டுக்கு வருகிறேன். அந்தப் போனுக்குள் கிடந்ததுதான் இது.

பெனாசிர் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுக் கேட்டது. "அய்யா, படத்தை அழிச்சு எவ்வளவு நாளாச்சு?"

"மூணு வருசம்."

"அதுக்கப்பறம் இந்தக் கார்டுல எதும் படம் எடுத்தீங்களா?"

"தினமும்."

அந்தப் பெண் தலையில் கையை வைத்துக்கொண்டது. "ஏன் அய்யா இப்பிடிப் பண்ணுனீங்க? அழிச்ச ஒடனே படம் போயிராது. பேருதான் போகும். படம் அந்த எடத்துலயே கெடக்கும். அதுக்கு மேல புதுசா ஒண்ணை எடுத்து வச்சாத்தான் நெசமாவே போகும். அன்னைக்கே கார்டைக் கழட்டி ஒரு டப்பாவுல போட்டிருந்தீங்கன்னா, அத்தனையையும் அப்பிடியே எடுத்துக் குடுத்திருப்பேன். அப்பிடி என்னத்தைத் தினமும் எடுத்தீங்க?"

திறந்தது. சுவர். அடுத்ததும் சுவர். அந்தப் பெண் தட்டிக்கொண்டே போகிறது, சுவர், சுவர், சுவர்.

"அறுநூத்திப் பதினொண்ணு இருக்கு. எல்லாம் ஒரே செவரா?"

"ஒரே செவருதான். தேதிதான் வேற" என்றேன்.

பக்கத்தில் நின்ற ஒருத்தன் சிரித்தான். சிரிக்க என்ன இருக்கிறது? அந்தச் சுவர் நகருகிறது சார். சர்வேயர் போன பிறகு வருஷத்துக்கு ஒரு விரல் கணக்கில் என் பக்கம் சாய்கிறது. சும்மா சொன்னால் எவன் நம்புவான்? தினமும் காலையில் டேப் வைத்து, தேதியோடு படம் எடுத்து, மனு நாளில் கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டுவேன். டேப்பின் மறுமுனையைச் சண்முகக்கனிதான் பிடிப்பாள். கூப்பிட்டால் வந்து பிடித்துவிட்டுப் போவாள். அவள் போனதோடு படம் எடுக்கிறதும் நின்றது.

"இது யாரு கை?" என்று பெனாசிர் கேட்டது. ஒரு சுவர்ப் படத்தின் ஓரத்தில் டேப்பைப் பிடித்தபடி ஒரு கை. இரண்டு கண்ணாடி வளையல். தேடினால் ஒன்பது படத்தில் இருந்தது அந்தக் கை.

"என் வீட்டுக்காரி."

"போனைக் கொஞ்சம் மேல தூக்கியிருந்தா மொகம் வந்திருக்குமே அய்யா?"

"மொகம் எதுக்கு? அளவுதான வேணும்."

அந்தப் பெண் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி அழிந்ததைத் தேட விட்டது. மெஷின் தேடிக்கொண்டே இருந்தது. "சாப்பிட்டுட்டு வாங்கய்யா, நேரமாகும்" என்றது. நான் போகவில்லை. என் கார்டை விட்டுவிட்டு நான் எங்கே போக? பதினாலு துண்டு அகப்பட்டது. பதின்மூன்று வெறும் சாம்பல் நிறம், ஒன்றும் தெரியவில்லை. ஒன்று மட்டும் திறந்தது. பாதி.

எந்தப் படம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சுவர் எடுக்கிறதுக்கு முந்தின பொங்கல். மூத்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும் முன்னால் நாற்காலியில் உட்கார, இளையவர்கள் அவனும் அவன் வீட்டுக்காரி ராஜகனியும் பின்னால் நிற்க, முறைப்படி எடுத்த படம். மேலேயிருந்து பாதிதான் வந்திருக்கிறது. நிற்கிறவர்கள் இரண்டு பேரும் முழுசாக வந்துவிட்டார்கள். உட்கார்ந்தவர்களைக் காணோம். அவளுக்கு வகிடு மட்டும் தெரிகிறது. வகிட்டில் வைத்த குங்குமம், இரண்டு பக்கமும் பிச்சிப்பூ. அதற்குக் கீழே நெற்றி ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் சாம்பல். அவ்வளவுதான். எவனை வேண்டாம் என்று அழித்தேனோ அவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறான் சார், ஒரு மயிர் குறையாமல்.

"பின்னால நிக்கிறது யாரு?" என்றது அந்தப் பெண்.

"யாருமில்ல."

"யாருமில்லாதவரு ஒங்க வீட்டுப் பொங்கலுக்கு எப்பிடி வந்தாரு?"

நாக்கு நீளம் என்று சொன்னேனே. "இவருகிட்ட இந்தப் படம் இருக்கும். ஒரு வார்த்தை கேட்டா அஞ்சு நிமிசத்துல வந்துரும். இதுக்கு மேல கார்டைக் கொடையறதுல பிரயோசனம் இல்லய்யா" என்றது.

கேட்பதாக இருந்தால் நான் எதற்கு மதுரைக்கு வருகிறேன்? பொன்மலரும் அதைத்தான் சொன்னாள். "மாமாகிட்ட நெறைய இருக்குப்பா, வாங்கி அனுப்பட்டுமா?" என்று. அவன் கொடுத்த படத்துக்கு நான் மாலை போடுவதா? வேண்டாம் என்றேன்.

ஆனால் ஒன்று சார். விருதுநகர் தாண்டினதிலிருந்து எனக்கு ஒரு யோசனை. நீங்கள் படித்தவர், நல்ல மனுஷராகத் தெரிகிறீர்கள். உங்கள் போனிலிருந்து வாட்ஸப்பில் அவனுக்கு ஒரு வரி அனுப்புங்கள். போஸ்டர் அடிக்கிற கடை என்று போடுங்கள். சண்முகக்கனி அம்மாள் வருஷத்துக்குப் போஸ்டர் அடிக்கிறோம், அவர்கள் மகள் உங்களிடம் படம் வாங்கச் சொன்னார்கள் என்று போடுங்கள். நான் கேட்டதாகவும் இருக்கக் கூடாது, அவன் எனக்குக் கொடுத்ததாகவும் இருக்கக் கூடாது. அவன் நம்பரை நான் என் போனில் பிளாக் பண்ணி வைத்திருக்கிறேன், சுவர் எடுத்த நாளிலிருந்து. ஆனால் மனப்பாடமாகத் தெரியும். சொல்கிறேன், அடியுங்கள்.

ஆங், கடைசியில் ரெண்டு ஏழு. வந்துவிட்டதா? அவன்தான்.

வட்டத்துக்குள் ஏதோ படம் இருக்கிறதா? அவன் மூஞ்சியாக இருக்கும். எனக்குக் காட்ட வேண்டாம். என்னது, பொம்பளைப் படமா? அப்போது ராஜகனி. வயசானவங்களா? எங்கே, பெரிசு பண்ணுங்கள்.

இருங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன்.

அவள்தான்.

அவள்தான் சார். சண்முகக்கனி. இவன் எதற்கு என் வீட்டுக்காரி படத்தை வைத்திருக்கிறான்? இத்தனை மாசமாக இதையா வைத்துக்கொண்டு திரிகிறான்? ஊரில் அவன் நம்பர் வைத்திருக்கிறவன் எல்லாம் தினமும் பார்த்திருப்பான். நான் ஒருத்தன்தான் பார்க்கவில்லை.

சிரிக்கிறாள். கையில் டம்ளர். வாயைத் திறந்து சிரிக்கிறாள். மேல் வரிசையில் ஒரு பல் இல்லை பாருங்கள். அது எப்போது விழுந்தது? எனக்குத் தெரியாதே.

கொஞ்சம் தள்ளுங்கள், பின்னால் என்ன இருக்கிறது? பச்சையாக. சுவரா அது?

சுவர்தான்.

என் பக்கம் பச்சை கிடையாது சார். பூச்சே கிடையாது, வெறும் செங்கல். இது அந்தப் பக்கம். மேலே கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறது. அதற்கும் மேலே கறுப்பாக ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிகிறதா? அது என் வீட்டு மாடித் தொட்டி. அவன் பெயிண்ட் அடித்தது போன வருஷம் பொங்கலுக்கு. ஏணியைச் சாத்தினபோது நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இவள் போனது சித்திரையில்.

அப்போது தை. இல்லை மாசி.

அவன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருப்பேன். டேப்பைப் பிடிக்க வா என்று கூப்பிட்டிருப்பேன். கூப்பிட்டதும் வந்துவிடுவாள். எங்கேயிருந்து வந்தாய் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

வேண்டாம் சார். எழுத வேண்டாம். இல்லை, எனக்கு அனுப்பவும் வேண்டாம். உங்கள் போனிலும் பிடித்து வைக்காதீர்கள். அந்த நம்பரையே எடுத்துவிடுங்கள்.

கண்டக்டர் சாத்தூர் என்கிறார். பையை எடுத்துக்கொள்கிறேன், காலைக் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

படத்துக்கு என்ன சார், ஆதார் படமே போதும். மாலை போட்டால் பாதி மறைந்துவிடும். அதை எடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். படம் எடுக்கிறவன் என்னமோ சொன்னான், இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காத, வாயை மூடு" என்றேன். மூடிக்கொண்டாள்.

சொன்னால் கேட்பாள், சார்.